இந்த மாதம் படித்தவை

பூமணியின் 'வெக்கை'யை இரண்டே இரவில் முடித்தேன். கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் சிறுவன் சிதம்பரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்தே பல வருடம் தள்ளிப்போட்டிருந்தேன், பெரிய தப்பு. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் இவரிடம், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்க அடுக்க முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி என்ற பழைய காப்பியத்தைப் படித்ததுண்டா என்கிறார். அந்த ஒரு கேள்வியில் தொடங்கி 1887-இல் உ.வே.சா.வின் பதிப்பாகச் சிந்தாமணி அச்சாகி வருவது வரையான அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 1942-இல் உ.வே.சா. மறைந்ததால் நூல் முடிவடையாமலே நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள், தினம் ஒன்றாக.