வெள்ளை டயலும் மூன்று முட்களும்

என் மேசை இழுப்பறையில் பதினான்கு கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதில் தேதி காட்டும் சிறு கட்டம்கூடக் கிடையாது. எண்களோ கோடுகளோ, இரண்டு அல்லது மூன்று முட்கள், தயாரித்தவரின் பெயர், அவ்வளவுதான். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது என் கை இந்த ஒன்பதில் ஒன்றைத்தான் எடுக்கிறது; மற்ற ஐந்தும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. ஏன் இப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், எப்போதும் அம்மாவின் வாட்சில்தான் போய் நிற்கிறேன்.

அம்மா சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 32 ஆண்டுகள் செவிலியராக இருந்தார். அவர் கட்டியிருந்தது பெண்களுக்கென்று விற்கும் சிறிய வாட்ச் அன்று; ஆண்கள் கட்டும் எச்.எம்.டி. ஜனதா. இரவுப் பணியில், வார்டின் மங்கிய வெளிச்சத்தில், நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் நாடித் துடிப்பை எண்ண வேண்டும் என்றால், விநாடி முள் எங்கே நிற்கிறது என்பது தேடாமல் தெரிய வேண்டும். நகை போன்ற சிறிய டயலில் அது தெரியாது. வெள்ளைப் பரப்பில் ஒல்லியான முள் ஒன்று தடையில்லாமல் சுற்றிவரும் ஜனதாவில் தெரியும்.

மத்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா அதன் மிக எளிய வாட்ச்களில் ஒன்று: 17 ஜுவல் (உராய்வைக் குறைக்க உள்ளே பொருத்தும் சிறு கற்கள்), தினமும் சாவி கொடுக்க வேண்டும், தேதி கிடையாது. உள்ளே இருக்கும் சமநிலைச் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை அடிப்பதால், விநாடி முள் ஒவ்வொரு விநாடியும் ஐந்து சிறு தாவல்களாக நகர்கிறது. தள்ளி வைத்துப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். அதைக் காதருகே வைத்துக் கேட்பதற்காகவே சிறுவயதில் அம்மா பணி முடிந்து வரும்வரை விழித்திருப்பேன்.

முதல் சம்பள உயர்வில் நான் வாங்கியது இதற்கு நேர்மாறான ஒன்று. மூன்று உள்வட்டங்கள், இரண்டு பொத்தான்கள், விளிம்பைச் சுற்றி வேகம் கணக்கிடும் அளவுகோல் என்று நிறைந்திருந்த குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச். குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க எத்தனை விநாடிகள் ஆயின என்பதைக் கொண்டு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் அந்த அளவுகோல், பந்தயப் பாதையில் நிற்பவருக்கு உண்மையிலேயே பயன்படும். நானோ தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, அடுத்த வண்டிக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று பார்ப்பவன். உள்வட்டத்தின் மேல் நிமிட முள் வந்து நிற்கும்போதெல்லாம் இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருந்தது. அது நல்ல வாட்ச்தான்; ஆனால் அதில் இருந்தவற்றுள் பாதி எனக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

எளிய டயலை வரைவது எளிது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சேகரிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. மார்கழியில் மயிலாப்பூர்த் தெருக்களில் போடும் பெரிய தேர்க்கோலத்தில் ஒரு கம்பி சற்றுக் கோணினால் யாருக்கும் தெரியாது. நாலு புள்ளிக் கோலத்தில் கோணினால் தெருவே பார்க்கும். டயலும் அப்படித்தான். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோடுகளைத் தொடாமல் குட்டையாக நின்றுவிட்டால், நேரத்தை ஊகிக்க வேண்டியதாகிறது; மணி முள் வேண்டியதைவிட நீண்டால் இரண்டும் குழம்புகின்றன. சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் 1961இல் ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் நிறுவனத்துக்காக வரைந்த கைக்கடிகாரங்களைப் படத்தில் பார்த்தாலே, ஊசி போன்ற முட்களும் மெல்லிய கோடுகளும் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கின்றன என்பது புரியும். பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944இல் சுவிஸ் ரயில் நிலையங்களுக்காக வரைந்த கடிகாரத்தில் எண்களே இல்லை. தடித்த கருங்கோடுகள் மட்டுமே. ஓடிவருகிற பயணிக்குத் தூரத்திலிருந்தே நேரம் தெரிய அவை போதும்.

இன்னும் ஒரு படி போனவர் அமெரிக்க வடிவமைப்பாளர் நேதன் ஹார்விட். 1947இல் அவர் வடிவமைத்த டயலில், பன்னிரண்டு மணி இருக்க வேண்டிய இடத்தில் உச்சிச் சூரியனைப்போல ஒரே ஒரு புள்ளி. வேறு எதுவும் இல்லை. அதன் அழகை மறுக்க மாட்டேன். ஆனால் ஏழு இருபத்திரண்டா, இருபத்து நாலா என்று அதில் சொல்ல முடியாது. தேவையற்றதை நீக்கிக்கொண்டே போய்த் தேவையானதையும் நீக்கிவிட்ட இடம் அது என்பது என் கருத்து.

நம் பக்கத்தில் செய்யப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டைட்டன் எட்ஜ். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையைக் கொண்ட நிறுவனம். 2002இல் வந்த எட்ஜின் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர் தடிமன். கண்ணாடி, மூடி எல்லாம் சேர்த்து 3.5 மில்லிமீட்டர். சட்டைக் கைக்குள் இருப்பதே தெரியாது. இரண்டே முட்கள். அம்மாவிடம் காட்டியபோது கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல பல்ஸ் பார்க்க முடியாதேடா” என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஜனதாவை மூன்றாம் நாள்தான் எடுத்தோம். மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் பெரியவர், இயந்திரத்தை முழுவதும் பிரித்து, கழுவி, எண்ணெய் இட்டு ஓட வைத்துவிட்டார். டயலில் மட்டும் ஏழு மணிக்கு அருகே மிளகளவில் ஒரு பழுப்புக் கறை நின்றுவிட்டது. நெரிசலான டயலாக இருந்திருந்தால் எதன் பின்னாலாவது ஒளிந்திருக்கும். வெள்ளை டயலில் முதலில் கண்ணில் படுவதே அதுதான். புதிதாக அச்சடித்த டயல் போட்டுத் தரவா என்று அவர் கேட்டார். 2016இல் எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, அப்படி மறுபடி அச்சடித்த டயலோடு புதியதுபோல விற்கப்படும் வாட்ச்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்துகள் தடித்து, கோடுகள் பிசிறடித்திருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோல் ஸ்ட்ராப் சென்னை வியர்வைக்கு ஒரு கோடைகூடத் தாங்காது என்பதால், நைலான் ஸ்ட்ராப் மட்டும் மாற்றினேன்.

சென்ற மாதம் எதிர்வீட்டு மாமாவுக்குப் படபடப்பு என்று அழைத்தபோது அம்மா என் அறைக்கு வந்து, “அந்த வாட்சைக் குடு” என்றார். எது என்று நான் கேட்கவில்லை. சாவி கொடுத்து நீட்டினேன். மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி டயலைப் பார்த்தார். முள் கறையைக் கடந்து மேலேறி பன்னிரண்டைத் தொட்டதும் எண்ணத் தொடங்கி, ஆறைத் தொட்டதும் நிறுத்தினார். “முப்பத்தெட்டு. எழுபத்தாறு. பயப்படாதீங்க, உட்காருங்க” என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.