டீசல் அம்பாசடர்: பம்பை இறக்குவதற்கு முன்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது. அப்பா வாங்கிய டீசல் அம்பாசடர், 1489 சிசி. சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் காயும்வரை பொறுத்திருந்து செல்ஃப் அடித்தாலும் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. பிடித்ததும் தடுமாறி வெள்ளைப் புகை கக்கி, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. பகலில் அணைத்துப் போட்டால் தொட்டவுடன் கிளம்பும். மேம்பாலம் ஏறும்போது மட்டும் இழுவை இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் "பம்ப் போயிடுச்சு, இறக்கிடுங்க" என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இதில் இருப்பது டிபிஏ ரோட்டரி பம்ப். சுழலும் ரோட்டருக்குள் எதிரெதிராக இருக்கும் இரண்டே பிளஞ்சர்கள்தான் நான்கு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்புகின்றன. அவை தேய்ந்திருந்தால் என்ஜின் சூடான பிறகுதான் கிளம்ப மறுக்கும். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடுக்கு வழியே நழுவிவிடும். நம் வண்டியின் வியாதி அதற்கு நேர் எதிர். ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றிச் சோதித்தேன், நான்கும் நன்றாகச் சிவக்கின்றன.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று மழையில் போர்டிகோ முன்னால் தண்ணீர் தேங்கியதால், வண்டியைத் தெருச் சரிவில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி நிறுத்தினேன். இன்று காலை உடனே பிடித்துக்கொண்டது!

போர்டிகோவில் நிறுத்தினால் முன்பக்கம் மேடு. டேங்க் பின்னால். அப்படியானால் லைனில் நிற்க வேண்டிய டீசல் ராத்திரியில் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காற்று உள்ளே போகாமல் டீசல் இறங்காது. எங்கோ காற்று இழுக்கிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை என்பதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து டிபிஏ பம்ப் பக்கம் தள்ளும் சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து அதுவரை உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

நவம்பர் 15, சனி

மெக்கானிக் அண்ணன் வந்தார். "பம்புல கைவைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேன் கட்டிப் பாத்துருவோம் தம்பி" என்றார். இவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

முதலில் ஃபீட் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் போட்டோம். என்ஜின் ஓடும்போது குண்டூசித் தலை அளவில் குமிழிகள் வரிசையாகப் போயின. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அவை ஒன்றுசேர்ந்து நீளமான காற்றுத் துண்டுகளாயின. பாலத்தில் இழுவை போனதன் காரணம் கண்ணெதிரே தெரிந்தது. அப்புறம் சுத்தமான டீசல் கேனை பானெட்டில் கட்டித் தொங்கவிட்டு, ஃபீட் பம்புக்கு நேரே கொடுத்தோம். குமிழி நின்றது. ஆக, ஃபீட் பம்புக்குள் அசைந்து டீசலை இழுக்கும் சவ்வு, அதாவது டயஃப்ரமும் நல்லது. பழுது அதற்கு முன்னால்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

அகப்பட்டது. சேஸிஸ் பைப்பிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. கிளிப்பைக் கழற்றி விரலால் வளைத்தபோதுதான் மயிரிழை விரிசல்கள் வாய்திறந்தன. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல், கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மேல் கிடையாது. கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறும்போது பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதனால் ஹோஸோடு ஃபில்டர் ஓ-ரிங்குகளையும் மாற்றிவிட்டேன்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. ஃபீட் பம்ப் கைப்பிடியை அடித்தால் சில நேரம் வெறுமனே ஆடும். பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதை இயக்கும் கேமின் மேடு உச்சியில் நிற்கிறது. என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் கைப்பிடி டீசலைத் தள்ளும். முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, அடுத்து டிபிஏ பம்பின் ஹைட்ராலிக் ஹெட்டில் இருப்பது, அப்புறம் அதன் மேலே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடியில் இருப்பது. நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை ஒவ்வொன்றிலும் பொறுமையாக அடிக்க வேண்டும். கடைசியில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களில் பைப்பை இணைக்கும் யூனியன் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப்பார்த்ததும் இறுக்கினோம்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் நன்றாகக் கிளம்புகிறது. ஐடிலில் மட்டும் ஒரு நடுக்கம். ஒவ்வொரு யூனியன் நட்டாகத் தளர்த்தினேன். நல்ல சிலிண்டரில் உடனே சத்தம் மாறும். மூன்றாவதில் எந்த மாற்றமும் இல்லை.

அந்த நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் ரூமுக்குக் கொண்டுபோனேன். இந்த என்ஜினின் பின்டாக்ஸ் நாசிலில், நடுத்துளைக்குப் பக்கத்தில் சாய்வாக இன்னொரு பொடித்துளை உண்டு. செல்ஃபில் மெதுவாகச் சுற்றும்போது டீசலில் பெரும்பங்கு அதன் வழியேதான் பாயும், குளிரில் பிடிக்க உதவுவது அதுதான். அதில் கரி அடைத்திருந்தது. பம்ப் ரூம் பெரியவர் மெல்லிய ஊசிக்கம்பியால் எடுத்து, டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார். கர்ரென்ற அதிர்வோடு புகைபோலத் தெளித்தது. நுனியில் சொட்டு நிற்கவில்லை. டெஸ்டர் முன்னால் யாரும் கையை நீட்டிவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

புது காப்பர் வாஷர் போட்டு மாட்டியாயிற்று.

நவம்பர் 22, சனி

வேண்டுமென்றே போர்டிகோவில் முன்பக்கம் மேடாகவே நிறுத்திவந்தேன். ஒரு காலையும் அடம்பிடிக்கவில்லை. மேம்பாலம் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. பிளாஸ்டிக் டியூபை இன்று எடுத்துவிட்டேன், என்ஜின் சூட்டில் அது நிரந்தரமாக இருக்கக் கூடாது. டிபிஏ பம்பைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, அதன் சீல் கம்பி அறுபடாமல் அப்படியே இருக்கிறது. அடுத்து டேங்க் பக்கத்து ஹோஸையும் நாசில் ரிட்டர்ன் பைப்புகளையும் மாற்ற வேண்டும், அவையும் அதே வயசு.