மருந்து வாசமும் மீட்டர் எண்ணும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் குடிநீர்த் திட்டங்களில் தண்ணீரில் உள்ள குளோரினை அளக்கும் சென்சார்களைப் பராமரிப்பது என் வேலை. வாசல் பலகை மலையாளத்தில் இருக்கும். பம்ப் ஹவுஸுக்குள் பேச்சு முழுக்கத் தமிழ்தான்.

ஒரு கோடையில் ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, தொட்டிகிட்டப் போனா மருந்து வாசம் மூக்கைத் துளைக்குதுங்க. மீட்டரு சைபர்ல நிக்குது."

போனதும், குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் சட்டென்று இளஞ்சிவப்பாகி, கண்ணெதிரே வெளுத்துவிட்டது. வேலைக்குப் புதிதாக வந்தவர் என்றால் 'குளோரின் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிவிடுவார். விஷயமோ நேர் எதிர். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி தரும் நிறத்தையே அது வெளுத்துவிடும். அதே மாதிரியைக் குளோரின் இல்லாத தண்ணீரால் பத்து மடங்கு நீர்த்துப் போட்டேன், நிறம் நின்றது. அண்ணனின் மூக்கு சொன்னதுதான் சரி.

அப்புறம் சென்சாரைப் பார்த்தேன். குளோரின் தண்ணீரில் கலந்ததும் உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம், மெம்ப்ரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக உள்ளே போய்த் தங்க மின்முனையில் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. அதில் பிறக்கும் சின்ன மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. தீர்ந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே ஓட்டத்தைக் காட்டும் மிதவை அடியில் உட்கார்ந்திருந்தது. ப்ளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பு, சென்சாருக்குத் தண்ணீர் கொண்டுவரும் மெல்லிய குழாயை அடைத்திருந்தது. ஓட்டம் நின்றதும் மீட்டர் சைபருக்கு இறங்க, அதை நம்பிய கன்ட்ரோலர், மருந்து செலுத்தும் டோசிங் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்து, தொட்டித் தண்ணீரை வெளியேற்றி, மறுபடி நிரப்பி, அளவு சரியான பிறகுதான் ஊருக்குத் திறந்தார்கள்.

ஓட்டம் சரியாக இருந்தாலும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். பார்க்காமல் மீட்டர் எண்ணை நான் நம்புவதில்லை. 7.5-இல் குளோரினில் பாதிதான் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், 8.5-இல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பி.எச். திருத்தம் இல்லாத மெம்ப்ரேன் சென்சார், பி.எச். ஏறினால் குறைத்தே காட்டும். ப்ளீச்சிங் பவுடரே பி.எச்.சைக் கொஞ்சம் ஏற்றிவிடும். கிருமியைக் கொல்வதில் அந்த அமிலத்துக்குத்தான் வலு அதிகம் என்பதால், அமிலத்தையும் மற்றதையும் சேர்த்து டிபிடி காட்டும் அளவு போதுமென்று இருந்துவிடவும் முடியாது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் கேட்கிறது. கடைசித் தெருக் குழாயில் அது இருக்கிறதா என்று ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

புதுத் திட்டம் பேச வரும் பொறியாளர்களிடம் நான் விடாமல் கேட்பது ஒன்றுதான்: மாதிரித் தண்ணீரின் ஓட்டம் நின்றால் டோசிங் பம்பும் தானாக நிற்கும்படி ஒரு ஃப்ளோ ஸ்விட்ச். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது அதைத்தான். வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், அதை மட்டும் விடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டுகிறேன்.