அடைக்கோழியும் ஐந்து வயதுக் கேள்விகளும்

மார்ச் 3
இன்று 9 முட்டைகளை அடை வைத்தோம். 21 நாள் பொறுக்க வேண்டும் என்றதும் மகளின் முகம் தொங்கிவிட்டது. "அதுவரைக்கும் குஞ்சு உள்ளே என்னம்மா சாப்பிடும்?" மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு என்றேன்.

மார்ச் 6
அவளாகவே ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறாள்: "பறக்கிறதெல்லாம் முட்டை போடும்." அப்போ வௌவால்? அது குட்டி போட்டுப் பால் கொடுக்குமே! கொஞ்சம் யோசித்து விதியை மாற்றினாள்: "பால் குடுக்கிறது மட்டும் முட்டை போடாது." அதுவும் முக்கால்வாசிதான் சரி. ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ் என்று ஒன்று உண்டு. உடம்பெல்லாம் ரோமம், வாத்து மாதிரி அலகு. முட்டையும் போடும், பாலும் கொடுக்கும். காம்பு கிடையாது. தோலில் கசிகிற பாலைக் குட்டி நக்கிக் குடிக்கும். அவள் நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 1799-ல் அதைப் பற்றி எழுதிய ஜார்ஜ் ஷா என்ற அறிஞருக்கே, யாராவது வாத்து அலகை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம் வந்திருக்கிறது.

மார்ச் 10
கோழி இரை எடுக்க இறங்கிய நேரத்தில் ஒவ்வொரு முட்டையாக இருட்டறைக்குக் கொண்டுபோய், அகன்ற முனையில் டார்ச் வைத்துப் பார்த்தோம். உள்ளே செக்கச்செவேலென்று நரம்புப் பின்னல். நடுவில் ஒரு கரும்புள்ளி, அது அசைந்தது! மகள் மூச்சே விடவில்லை. ஒன்றில் மட்டும் ஒன்றுமே இல்லை. கூமுட்டை. (திட்டுகிற வார்த்தை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.) "ஓட்டுல ஓட்டையே இல்லையே, காத்து எப்படிப் போகும்?" கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றேன். உடனே பூதக்கண்ணாடி கேட்டாள்.

மார்ச் 15
தவளை முட்டைக்கு ஓடே இல்லை, வழவழவென்று ஜெல்லிதான். கடலாமை முட்டைக்குத் தோல் மாதிரி மெத்தென்ற ஓடு. தாய் அதை மணலில் புதைத்துவிட்டுப் போய்விடும். மணலில் சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. "அம்மா திரும்பி வரவே வராதா?" என்று ஒரே அழுகை. அவசரமாக முதலைக்குத் தாவினேன். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தினால் போதும், தாய் முதலை வந்து மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்விப் பத்திரமாகத் தண்ணீரில் விடும். அழுகை நின்றது. முதலையைக் காட்டிக் குழந்தையைச் சமாதானப்படுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 23
முட்டையைக் காதில் வைத்துக் கேட்டாள். "கீச்."

மார்ச் 24
காலையில் ஓட்டில் சின்ன விரிசல். அலகு நுனியில் வெள்ளையாக ஒரு முள் தெரிந்தது. அதுதான் முட்டைப்பல், ஓட்டை உடைக்க மட்டும்தான். சில நாளில் தானாக விழுந்துவிடும். "நான் உரிச்சுவிடட்டுமா?" என்று நச்சரித்தாள். கூடாது, உள்சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கொத்து, நீண்ட ஓய்வு, மறுபடி ஒரு கொத்து. சாயங்காலம்தான் முதல் குஞ்சு வெளியே வந்து பொத்தென்று விழுந்தது. மகள் அதையே உற்றுப் பார்த்தாள்.

"பஞ்சு மாதிரி இருக்கும்னு சொன்னியேம்மா. இது நனைஞ்ச எலி மாதிரில்ல இருக்கு!"