எங்க வீட்டுல சாவி என்கிட்ட

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பைக், ஸ்கூட்டர், கார் எதுவுமே. இதைச் சொன்ன உடனே எதிர்ல இருக்கறவங்க குரலைத் தாழ்த்திக்குவாங்க. "ஏன், ஏதாவது ஆக்ஸிடென்ட் ஆச்சா? கண்ணுல பிரச்சனையா?" ஒண்ணும் கிடையாது, கத்துக்கலை, அவ்வளவுதான். என் அம்மாவுக்கும் ஓட்டத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது, எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரியாது. அவங்களை நிறுத்தி வச்சு யாரும் இதுவரை காரணம் கேட்டதில்லை.

அவர் பொறந்து வளர்ந்தது வேலூர் கொசப்பேட்டை. பள்ளிக்கூடம், மார்க்கெட், டாக்டர் எல்லாமே நடந்து போற தூரம். வெளியூர் போகணும்னா பஸ் ஸ்டாண்டும் பக்கம். எனக்குக் குடியாத்தம் தாண்டி ஒரு கிராமம். அப்பா லுங்கி நெசவு. டவுன்ல இருந்து நூல் எடுத்துட்டு வரணும், நெய்த லுங்கியைக் கொண்டு போய்க் கொடுக்கணும். அப்பாவுக்கு முதுகுவலி வந்து படுத்தப்ப அண்ணன் ஹாஸ்டல்ல இருந்தான். டிவிஎஸ் 50 திண்ணையோரம் நின்னுச்சு. நான் எடுத்தேன். பொம்பளைப் பிள்ளை வண்டி ஓட்டலாமான்னு யோசிக்க யாருக்கும் நேரம் இல்லை, நூல் வந்தா தான் தறி ஓடும்.

கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே எல்எல்ஆர் போட்டோம். முப்பது நாள் கழிச்சு நான் போய் எட்டு போட்டேன், பிரேக் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார், லைசென்ஸ் வந்துச்சு. அவருது ஆறு மாசம் பர்ஸ்லயே இருந்து காலாவதியாச்சு. "உனக்குத்தான் வந்துடுச்சே"ன்னார். சரி, அதுவும் நியாயம்தான்னு விட்டுட்டேன்.

பெட்ரோல் பங்க்ல நடக்கிறதைச் சொல்லணும். ஹேண்டில் என் கையில, பணம் என் பர்ஸ்ல, டேங்க் மூடியைத் திறக்கிறதும் நான்தான். பெட்ரோல் போடற பையன் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "எவ்ளோ சார்?" அவர் தலையைத் திருப்பி சத்துவாச்சாரி மலையை வேடிக்கை பார்ப்பார், இல்லைன்னா "ஓனரைக் கேளுப்பா"ன்னுவார். ஒரு தடவை ஹெல்மெட் செக்கிங்ல நிறுத்தின காவலர் அவர்கிட்டதான் லைசென்ஸ் கேட்டார். நான் எடுத்து நீட்டினதும் வாங்கிப் பார்த்துட்டு, அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு அட்வைஸ்: "நீங்க ஓட்டக் கூடாதா சார்? மேடம் பாவம், இந்த வெயில்ல." வேலூர் வெயில் பின்சீட்டுக்கு மட்டும் நிழல் போடுமா என்ன!

தம்பி முறை ஒருத்தனோட கல்யாணத்துக்குப் போனதுதான் இதுல உச்சம். ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்ததால என் தம்பியோட பைக்கை வாங்கிக்கிட்டோம். நான் சுடிதார். அவருக்குப் பட்டு வேட்டி, மடிப்புக் கலையக் கூடாதுன்னு ஒருபக்கமா கால் போட்டு உட்கார்ந்தார். மண்டப வாசல்ல இறங்கினப்ப வரவேற்புல பன்னீர் தெளிக்கிற பிள்ளைங்கள்ல இருந்து நாதஸ்வரக்காரர் வரைக்கும் எங்களைத்தான் பார்த்தாங்க. அத்தை காதுல இதைப் போட ஆள் இருக்காதா? வீட்டுக்கு வந்ததும், "பொண்டாட்டி ஓட்ட, ஆம்பள பின்னால குந்திக்கினு வரான்னு ஊரே பேசுது"ன்னு ஆரம்பிச்சாங்க. அவர் சட்டையைக் கழட்டிக்கிட்டே, "வேட்டி கிழியாம வந்துச்சா, அதைப் பாரும்மா"ன்னார். கிழியாததுக்குக் காரணம் பைக்ல இருந்த சேலை கார்டு. பின்னால உட்கார்றவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்துல பாதிக்குக் குறையாம மூடுற தடுப்பு இதெல்லாம் இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 123-ஆம் விதியே இருக்கு. அவன் ஓட்டுவான், அவ சேலையோட பின்னால உட்காருவாங்கறது வண்டி செய்யறவங்க மனசுல அவ்வளவு உறுதியா இருந்திருக்கு. அதுல ஒரு பட்டு வேட்டி பிழைச்சது.

பஸ் விஷயத்துல இன்னொரு கூத்து. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆனா நான் காட்பாடில இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் பாலாத்துப் பாலத்துமேல நூறு ரூபாய்க்கு மேல விக்கிற பெட்ரோலை எரிச்சுக்கிட்டுப் போறேன். பஸ்லயே போற அவர் தினமும் டிக்கெட் எடுக்கிறார். "இலவசம் உனக்கு, க்யூல நிக்கிறது நானா?"ன்னு கேட்பார்.

சிரிப்பெல்லாம் சரி. எனக்கு உறுத்துறது வேற. ஓட்டத் தெரியாத பொம்பளை வீட்டுல இருந்தா, புருஷன் அவளைக் கொண்டு போய் விடுவான், கூட்டிட்டு வருவான். அதை ஊரே பெருமையா பேசும். ஓட்டத் தெரியாத ஆம்பளை இருந்தா, அவன் ஆட்டோ, பஸ், ஃப்ரெண்டோட வண்டின்னு தன் பாட்டுக்குப் போய் வந்துக்குவான். ஆனா வீட்டு அலைச்சல் மொத்தமும் ஓட்டத் தெரிஞ்சவ தலையில. பொண்ணுக்கு ட்யூஷன், அத்தைக்கு செக்கப், கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறது, விடியக்காலை காட்பாடி ஸ்டேஷன்ல இறங்குற சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர்றது எல்லாம் நான். "உனக்குத்தான் வண்டி இருக்கே" - இந்த ஒரு வாக்கியத்துல எவ்வளவு வேலையை அடக்கலாம்னு எங்க வீட்டுக்கு வந்து பார்க்கணும். அவரையும் சும்மா சொல்லக் கூடாது. வரும்போது நேதாஜி மார்க்கெட்ல காய்கறி வாங்கி ரெண்டு கட்டைப்பையோட பஸ்ல தொங்கிக்கிட்டு வருவார். சாதம் குழையாம வடிப்பார்.

அதுக்காக ஓட்டாம இருக்கறதே மேல்னு சொல்ல மாட்டேன். எங்க பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல ஒரு அக்கா. 2018-ல வேலைக்குப் போற பெண்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்துச்சே, விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம், அதுல வாங்கினாங்க. வண்டி அவங்க பேர்ல, லைசென்ஸும் அவங்க பேர்ல. காலையில வீட்டுக்காரர் அதுல இவங்களை இறக்கி விட்டுட்டு, அதே வண்டியில அவர் வேலைக்குப் போயிடுவார். சாயந்தரம் அவர் வேலை முடியற வரைக்கும் அக்கா கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்க. நான் வண்டியை எடுக்கும்போது, "நீங்க போங்க டீச்சர், அவர் கிளம்பிட்டாராம்"னுவாங்க. கிளம்பிட்டாராம்னு சொன்ன ஆள் வர இருட்டிடும். அவங்களுக்குக் கிடைச்ச பாதி விலை யாரோட பயணத்துக்குப் போச்சு?

என் நாத்தனார் கதை இன்னும் விசேஷம். வாலாஜாவுல இருந்து தனியாவே கார் ஓட்டிக்கிட்டு ஹைவேல வருவா. லாரியை ஓவர்டேக் பண்றதைப் பார்த்தா எனக்கே வயித்தைக் கலக்கும். ஆனா அவ வீட்டுக்காரர் கூட வந்துட்டா, கேட்கக்கூட வேணாம், சாவி தானா கை மாறிடும். அவ இடதுபக்கம் போய் உட்கார்ந்து தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்குவா. "ஏன்டி?"ன்னேன். "அவருக்கு நான் ஓட்டினா தலை வலிக்குது அண்ணி." அவர் ஓட்டினா அவளுக்கு வலிக்குதான்னு யாரும் கேட்கலை. தம்பதியா போற கார்களை இனி கவனிச்சுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரிஞ்சாலும் ஸ்டீயரிங் யார் பக்கம் இருக்குன்னு வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசல்ல நின்னுக்கிட்டே எண்ணிடலாம்.

போன மாசம் எங்க வீட்டுல ஒரு சட்டம் போட்டேன். அத்தையோட செக்கப்பும் ஸ்டேஷன் வேலையும் இனி அவர் பொறுப்பு. ஓட்டக் கத்துக்கச் சொல்லலை, அது அவர் இஷ்டம். ஆட்டோ இருக்கு, பஸ் இருக்கு, கால் இருக்கு. அவர் உடனே சரின்னுட்டார். அத்தைக்குத்தான் ஆறலை. "வண்டி இன்னா வூட்ல சும்மா நிக்குதே, ஆட்டோக்காரனுக்குக் காசை அழுவணுமா?"ன்னு சனிக்கிழமை காலையில வாசல்ல நின்னு கத்துறாங்க. அவர் அவங்க கையைப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்துறார். நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டு இன்னும் ஒரு மணி நேரம் தூங்குறேன்.