அகலத்தில் என்ன குற்றம்? – ஒரு மூக்கு மருத்துவரின் லண்டன் நாட்குறிப்பு

பிப்ரவரி 12, 2024

மூக்கு அறுவை கேட்டு வருகிறவர்கள் வழக்கமாகத் தங்களுக்கு வேண்டிய மூக்கின் படத்தோடு வருவார்கள். இன்று வந்த ஆசிரியை வேண்டாத மூக்கின் படத்தோடு வந்தார். தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன்காரர். தாத்தா பாட்டி 1950களில் ஜமைக்காவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். போனில் அவர் காட்டியது பெரியம்மா மகளின் முகம். எங்கோ செய்துகொண்ட அறுவை. துவாரங்கள் இரண்டும் கீறலாக ஒடுங்கி, நுனி மட்டும் தடித்துத் தொங்குகிறது. "மூச்சு விடவே கஷ்டப்படுகிறாள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இப்போது முகச்சாயலே இல்லை. எனக்கு இப்படி ஆகக் கூடாது."

சரி, என்னதான் வேண்டும்? மூக்குத்தண்டு கண்களுக்கு நடுவே தட்டையாக இருப்பதால் கண்ணாடி நழுவுகிறது. நுனிக்குக் கொஞ்சம் உருவம் வேண்டும். "லீவு முடிந்து பள்ளிக்குப் போனால், பிள்ளைகள் 'மிஸ் நல்லாத் தூங்கியிருக்காங்க' என்று மட்டும்தான் நினைக்க வேண்டும்."

அவர் போனதும் எங்கள் யாழ்ப்பாணத்து நர்ஸ் அக்கா கேட்டார்: "டொக்டர், அவவின்ர மூக்கு வடிவாத்தானே கிடக்கு, ஏன் இந்த வேலை?"

"அவங்க முகம், அவங்க முடிவு அக்கா" என்றேன். அக்கா ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 13

எங்கள் பரிசோதனைப் படிவத்தில் மூக்கு வகை என்று ஒரு கட்டம் உண்டு: லெப்டோரைன், மீஸோரைன், பிளாட்டிரைன். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 70க்குக் கீழே என்றால் ஒடுங்கியது, 85க்கு மேலே என்றால் அகன்றது. கரீபியக் கறுப்பினத்தவர் பலர் கடைசி வகையில் விழுவார்கள்.

இதே அளவுகோலோடுதான் எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணத்தில் நம் ஆட்களின் முகத்தில் காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்தார். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் அவர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி இன்னும் ஒருபடி மேலே போனார். மூக்கு அகல அகலச் சாதி அந்தஸ்து இறங்கும் என்று எழுதியே வைத்துவிட்டார். அந்த இன 'அறிவியல்' என்றோ குப்பைக்குப் போய்விட்டது. கட்டம் மட்டும் ஒரு பரிசோதனைப் படிவத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

காலிப்பர் கையில் இருந்ததால் என் மூக்கையும் அளந்து பார்த்தேன். 84. ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தேன்!

பாடப்புத்தக அழகு விதி ஒன்றும் இருக்கிறது: மூக்கின் அகலம் கண்களின் உள்மூலைகளுக்கு இடைப்பட்ட தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். கனடாவில் லெஸ்லி ஃபார்காஷ் வட அமெரிக்க வெள்ளையர்களையே அளந்து, அவர்களில் பெரும்பாலோருக்கும் அது பொருந்தவில்லை என்று 1985இல் காட்டினார். அப்படிப்பட்ட விதியை ஜமைக்கா முகத்தில் வைத்துப் பார்த்து, 'இத்தனை மில்லிமீட்டர் அதிகம்' என்று எழுதுவது என்ன நியாயம்? படிவத்தில் மில்லிமீட்டர் அளவுகளை எழுதினேன். வகைக் கட்டத்தை நிரப்பவில்லை.

பிப்ரவரி 15

அந்தப் பெரியம்மா மகளின் மூக்கு ஏன் அப்படி ஆனது? படத்தை வைத்து என் ஊகம் இது. இத்தகைய அகன்ற மூக்குகளில் நுனித்தோல் பெரும்பாலும் தடிப்பு, எண்ணெய்ச் சுரப்பிகளும் அதிகம். உள்ளே இருக்கும் குருத்தெலும்பை வெட்டிச் சின்னதாக்கினால் வெளித்தோல் கூடவே சுருங்காது. சின்னப் பெட்டி மேல் ஜமுக்காளத்தைப் போர்த்தினால் விளிம்பா தெரியப்போகிறது? இடையில் வரும் வெற்றிடத்தில் தழும்புத்திசு நிறைந்து நுனி இன்னும் பருக்கும். சிறகுகளையும், அதாவது துவாரங்களின் பக்கச் சுவர்களையும், அளவுக்கு மீறி வெட்டினால் மூச்சுவழி அடைபடும். ஆக, இங்கே குறைப்பதை விடக் கட்டுவதுதான் வேலை. தோலைத் தாங்கி முன்னே தள்ளும் அளவுக்கு உறுதியான சட்டகம் வேண்டும். இன அடையாளத்தைக் காப்பது நோயாளிக்குச் செய்யும் மரியாதை என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். மரியாதை சரி. அதை மீறினால் உடற்கூறே பழிவாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இதிலும் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. நியூயார்க் ஹார்லெம் மருத்துவமனையின் ஃபெர்டினண்ட் ஒஃபோடிலே 1990களிலேயே அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மூக்குகளை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்.

பிப்ரவரி 28

இரண்டாம் சந்திப்பு. ஒப்புதலை இரண்டு கட்டமாக, குறைந்தது இரண்டு வார இடைவெளியில் வாங்க வேண்டும் என்பது இங்கிலாந்து அறுவை மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் 2016 விதி. நல்ல விதி. ஆசைக்கும் ஆறப்போட நேரம் வேண்டும்.

கணினியில் அவர் படத்தை ஏற்றி, தண்டைச் சற்று உயர்த்திக் காட்டினேன். தலையசைத்தார். சிறகுகளை உள்ளே நகர்த்தத் தொடங்கியதும், "நிறுத்துங்கள், அது வேறு யாரோ" என்றார். அதோடு நின்றோம்.

நேரம் பிடித்தது கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு, பற்றிய பேச்சுதான். ஆசிரியையின் சொந்த அக்காவுக்குக் காது குத்திய இடத்தில் உருண்டு வளர்ந்திருக்கிறது. மூக்கில் கீலாய்டு அரிது. காது, மார்பு, தோள்தான் அதற்குப் பிடித்த இடங்கள். எங்களுக்குக் குருத்தெலும்பு கிடைப்பதோ காதிலும் மார்பிலும்! மூக்கின் நடுச்சுவரில் இருப்பது போதாது. சிலிக்கோன் வைத்தால் காதிலோ மார்பிலோ வெட்டே வேண்டாம், ஆனால் அது ஒருநாள் தோலைத் துளைத்து வெளியே வரலாம், சீழ் பிடிக்கலாம். எல்லாவற்றையும் சொன்னோம். மார்பகத்தின் அடிமடிப்பில் சின்னக் கீறல், விலா எலும்பின் குருத்து என்று அவரே தேர்ந்தெடுத்தார்.

மார்ச் 19

நான்கரை மணிநேரம். துவாரங்களுக்கு நடுவே உள்ள தூணில் தலைகீழ் 'V' வெட்டு, தோலைத் தூக்கியதும் உள்ளே எல்லாம் தெரிந்தது. விலாக்குருத்தில் ஒரு பட்டையை நடுச்சுவரோடு சேர்த்துத் தைத்து, நுனியை அதன்மேல் நிறுத்தினோம். மீதியைப் பொடியாக நறுக்கி, காதுக்கு மேலிருந்து எடுத்த மெல்லிய சவ்வில் பொதிந்து தண்டின்மேல் வைத்தோம். நறுக்கிய குருத்தை இப்படிப் பொதிந்து வைப்பதைத் துருக்கியின் ஓனூர் எரோல் 2000இல் பிரபலமாக்கினார். வைத்த பெயர் 'டர்கிஷ் டிலைட்'. அவர் சவ்வுக்குப் பதிலாக ரத்தம் உறையவைக்கும் துணியைப் பயன்படுத்தினார். மிட்டாய்ப் பெயரை அறுவை அரங்கில் கேட்கும்போது இன்னும் சிரிப்பு வருகிறது.

தோலின் அடிக்கொழுப்பைக் கொஞ்சம்தான் எடுத்தோம். பேராசைப்பட்டால் ரத்த ஓட்டம் போய்த் தோலே கறுத்துவிடும். சிறகின் அடியில் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தோம். இந்த வெட்டு நியூயார்க்கின் ராபர்ட் வேயர் 1892இல் எழுதியது. எங்கள் மூத்த மருத்துவரான கன்சல்டன்ட் 3 என்றார். கணினிப் படத்தைத் திரும்பப் பார்த்தோம். 2தான்.

மார்ச் 20

நலம். மூக்கை விட விலாதான் வலிக்கிறதாம். எல்லோரும் சொல்வதுதான்.

மார்ச் 27

மூக்கின்மேல் வைத்திருந்த காப்பு அச்சைக் கழற்றினோம். வீக்கம் பயங்கரம். ஓராண்டு வரை, தடித்த தோலில் அதற்கு மேலும் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தும் கண்ணாடியைப் பார்த்து முகம் வாடிவிட்டார். நர்ஸ் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். என்னிடம் சொல்ல மாட்டாராம்.

மே 22

நுனி தெளிகிறது. கண்ணாடி நழுவவில்லை. பள்ளியில் ஒரு பையன் மட்டும், "மிஸ், முடியை மாத்திட்டீங்களா?" என்று கேட்டானாம்.

மார்புத் தழும்பு சிவந்து தடிக்கத் தொடங்கியிருக்கிறது. கீலாய்டா, வெறும் தடித்த தழும்பா என்று இப்போதே சொல்ல முடியாது. தழும்பை அமுக்கும் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டோம், சிலிக்கோன் தாளைத் தொடரச் சொன்னோம். "மூக்குக்காகப் பயந்தேன், தொல்லை நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது" என்றார். வெளியில் தெரியாத இடம்தானே என்று கன்சல்டன்ட் ஆறுதல் சொன்னார். "எனக்குத் தெரியுமே" என்று ஆசிரியை உடனே பேச்சை வெட்டினார்.

அடுத்த ஊசி ஜூலை முதல் வாரம்.