அப்பாவின் அடையாள அட்டை

"அசல் அட்டையத் தாங்க அம்மா" என்று பதிவாளர் கேட்டதும், அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நேற்றுத்தான் அப்பாவின் எட்டுச்செலவு, எட்டாம் நாள் சடங்கு, முடிந்தது. வீட்டில் நடந்த மரணம், அதனால் முதலில் கிராம சேவகரின் அறிக்கை, அப்புறம் பதிவு. 3 மாதத்துக்குள் பதியலாம்தான். பிந்தினால் அலைச்சல் கூடும் என்று நான்தான் அவசரப்படுத்தி மட்டக்களப்புக்குக் கூட்டிவந்தேன்.

பழைய அட்டை. ஓரம் பிரிந்து, 52இல் தொடங்கும் இலக்கம் மங்கியிருந்தது. அப்பா பிறந்த வருடம் அதிலேயே இருக்கிறது. படத்தில் அவருக்குத் தலை நிறைய முடி. சோதனைச் சாவடிக் காலத்தில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காமல் அவர் படலை தாண்டியதில்லை. அட்டை இல்லாதவன் ஆளே இல்லை என்றிருந்த நாட்கள் அவை.

அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத்தான் கொடுத்தார். இனி அது திரும்பி வராது.

கடமையைச் செய்தவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வாங்கும்போது ஒரு நொடி தாமதிக்கலாம். "வைச்சுப் பாருங்க அம்மா, அவசரமில்லை" என்று ஒரு சொல் சொல்லலாம். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

திரும்பும் வழியில் கல்லடிப் பாலம் வந்தபோது அம்மா கேட்டார்:

"அந்தப் படத்தையாவது போட்டோக் கொப்பி எடுத்தியா மனே?"

எடுக்கவில்லை.